தொலைநோக்கி தெருவுக்கு வரட்டும்

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தைக் காணச் சென்றிருந்தோம். சுவரோரமாக நின்ற கண்ணாடி அலமாரியினுள் மூடுதுணி போர்த்திய தொலைநோக்கி ஒன்று இருந்தது. ஆறு அங்குல ஆடி கொண்ட நல்ல கருவி. "இதை எப்போது வெளியே எடுப்பீர்கள்?" என்று வினவினோம். "ஆய்வுக்குழு வரும்போது துடைத்து வைப்போம் ஐயா" என்றார் ஆய்வக உதவியாளர். அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. இருப்புப் பதிவேட்டில் அக்கருவிக்கு ஓர் எண் உண்டு. அஃது உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவரே. அக்கல்லூரியில் வானியல் மன்றமும் இருந்தது. ஆண்டுதோறும் அதற்குத் தொடக்க விழா நடந்தது. நிறைவு விழாவும் நடந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் வானத்தை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்நிலை ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. நம் மாநிலத்தில் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இவ்வாறு பூட்டப்பட்ட கருவிகள் பல. நூலகத்தில் பிரிக்கப்படாத நூல் எத்துணைப் பயனுடையதோ, அத்துணைப் பயனுடையதே அலமாரியில் உறங்கும் தொலைநோக்கியும். வானியல் மன்றங்களின் முதற்கடமை தம் உறுப்பினர்க்குப் பாடம் நடத்துவதன்று. தெருவில் செல்லும் பொதுமக்களைத் தொலைநோக்கியின் முன் நிறுத்தி, அவர்தம் கண்ணாலேயே வானத்தைக் காணச் செய்வதே என்பது நம் கருத்து. அதனை வலியுறுத்தவே இக்கட்டுரை.

ஆர்வலர் இட்ட அடித்தளம்

வானியல் என்றவுடன் பெரும் ஆய்வுக்கூடங்களும் பட்டம் பெற்ற அறிஞர்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். வரலாறோ வேறொன்று சொல்கிறது. சென்னையில் மேலைநாட்டு முறையிலான முதல் வான்நோக்குக் கூடம் அரசால் எழுப்பப்பட்டதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக இருந்த வில்லியம் பெட்ரி என்பார் 1786ஆம் ஆண்டில் தம் சொந்த விருப்பத்தால் எழும்பூரில் அமைத்த கூடமே அது. அவருடைய கருவிகளைக் கொண்டே பின்னர்க் கம்பெனியின் கூடம் உருவாகி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது.

தெற்கே ஒரு வணிகக் கம்பெனி அலுவலர் செய்ததை, ஐதராபாத்தில் ஒரு நவாப் செய்தார். நவாப் ஜஃபர் ஜங் 1901இல் தம் சொந்தப் பொருளால் நிறுவிய கூடமே பின்னர் நிஜாமியா வான்நோக்குக் கூடம் எனப் புகழ்பெற்றது. 1907இல் அவர் மறைந்த பின் நிஜாம் அரசு அதனை ஏற்று நடத்தியது. அக்கூடத்தில் பணியாற்றிய ஒருவரின் மகனே வைணு பாப்பு. சிறுவனாக அவர் அங்கே பழகிய தொலைநோக்கிகளுக்கும், சவ்வாது மலைச்சாரலில் காவலூரில் அவர் உருவாக்கிய வான்நோக்குக் கூடத்துக்கும், 1986இல் அங்கே அவர் பெயரால் திறக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் இடையே உள்ள தொடர்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு செல்வர் தம் விருப்பத்துக்காக வாங்கிய கருவி, இரண்டு தலைமுறை கடந்து ஒரு நாட்டின் அறிவியலாயிற்று.

செல்வர்க்கே இது கைகூடும் என்று யாரேனும் கருதுவாராயின் அவர்க்கு ராதாகோவிந்த சந்திரர் விடையாவார். வங்கத்து யசோரில் கருவூல எழுத்தராகக் காலந்தள்ளியவர் அவர். பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர். எனினும் இரவுதோறும் மாறொளி விண்மீன்களை நோக்கி, அவற்றின் ஒளி ஏறுவதையும் இறங்குவதையும் குறித்து வைத்தார். 1911இல் தோன்றிய அமெரிக்க மாறுமீன் நோக்கர் கழகத்துக்கு அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000க்கும் மேற்பட்டவை. அக்கழகம் 1926இல் ஆறு அங்குலத்துக்குச் சற்று மிகுந்த தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பி வைத்தது. அக்கருவி பின்னாளில் வைணு பாப்பு அவர்களிடம் வந்து, காவலூரைச் சென்றடைந்தது. தேர்வில் தோற்றவர் ஒருவரை வானம் தோற்கடிக்கவில்லை என்பதை நம் மாணவர்கள் நினைவிற் கொள்வாராக.

மக்களிடம் வானியலைக் கொண்டு சென்றவருள் முன்னோடியாகச் சிந்தாமணி ரகுநாதாச்சாரியைச் சொல்லுதல் தகும். சென்னை வான்நோக்குக் கூடத்தில் உதவியாளராகப் பணியாற்றிய அவர், 1867இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக்கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து சென்றது. அந்நிகழ்வு யாது, அதனை ஏன் உலகமே நோக்குகிறது என்பதைப் பொதுமக்கள் அறியும்பொருட்டு அவர் சிறு நூல் ஒன்றை எழுதி, ஆங்கிலத்திலும் கன்னடம், உருது முதலிய நம் நாட்டு மொழிகளிலும் வெளிவரச் செய்தார். கூடத்தினுள் இருந்து கணக்கிட்டவர் கூடத்துக்கு வெளியே இருந்தவர்களையும் மறந்தாரில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அவர் செய்த பணியை, அச்சும் ஒலியும் ஒளியும் கைவசமுள்ள நாம் செய்யத் தயங்குவது முறையா?

நடைபாதையில் ஒரு துறவி

இத்துறையில் உலகோர்க்கு வழிகாட்டியவர் ஜான் டாப்சன். 1915இல் பீகிங் நகரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர், 1944இல் சான்பிரான்சிஸ்கோ நகரின் வேதாந்த மடத்தில் துறவியானார். கையில் பொருளில்லை. கப்பற் சாளரத்துக்கு உரிய பழைய தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாயையும் மரப்பலகையையும் கொண்டு தாங்கி செய்தார். அத்தொலைநோக்கியை அக்கம்பக்கத்துச் சிறுவர்க்குக் காட்டத் தொடங்கினார். 1967இல் மடத்தைவிட்டு வெளியேறிய பின், 1968இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து நடைபாதை வானியலார் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். தெருமுனையில் கருவியை நிறுத்தி, போவோர் வருவோரை அழைத்து, கட்டணமின்றி நிலவையும் சனிக்கோளையும் காட்டுவதே அவர்தம் பணி.

டாப்சன் வடிவமைத்த எளிய தாங்கி இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் அதற்குக் காப்புரிமை தேடவில்லை. ஒரு தொலைநோக்கியின் பெருமை அதன் ஆடியின் அகலத்தில் இல்லை, அதன்வழி எத்தனை பேர் கண்டனர் என்பதிலேயே உள்ளது என்பது 2014இல் மறையும்வரை அவர் கைக்கொண்ட கொள்கை. இந்த அளவுகோலை நம் மன்றங்களின்மீது வைத்துப் பார்த்தால் எத்தனை மன்றங்கள் தேறும்?

நம் நாட்டிலும் வழிகாட்டிகள் உண்டு. புனே நகரில் 1944இல் தோன்றிய ஜோதிர்வித்யா பரிசம்ஸ்தா இந்திய ஆர்வலர் வானியல் அமைப்புகளுள் மூத்தது. கலிலியோ தொலைநோக்கியால் வானை நோக்கியதன் நானூறாம் ஆண்டு நிறைவையொட்டி 2009ஆம் ஆண்டு பன்னாட்டு வானியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது, உலகெங்கும் ஆர்வலர்கள் தெருக்களில் கருவிகளை நிறுத்தினர். அவ்வாண்டு முடிந்ததும் பலர் அவற்றை மீண்டும் உறையிலிட்டனர் என்பதே வருத்தம்.

அச்சத்தின் விலை

இதனை ஒரு பொழுதுபோக்கு என எண்ணி ஒதுக்குவார் உளர். அவர்கள் 2019 டிசம்பர் 26ஆம் நாளை நினைத்துப் பார்க்கட்டும். அன்று காலை வளைய வடிவக் கதிரவ மறைப்பு நம் மாநிலத்தின் குறுக்கே சென்றது. கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளில் கதிரவன் நெருப்பு வளையமாகத் தோன்றியது. ஓர் ஊரில் அத்தகு காட்சி மீண்டும் வாய்க்கத் தலைமுறைகள் ஆகலாம். ஆனால் நாம் அன்று இருந்த ஊரில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. சாளரங்கள் சார்த்தப்பட்டிருந்தன. கருவுற்ற பெண்கள் தண்ணீரும் அருந்தாமல் இருட்டறையில் அமர்த்தப்பட்டனர். மறுபுறம், அஞ்சாத இளைஞர் சிலர் பழைய எக்ஸ்ரே படச்சுருளைக் கண்ணிற்பிடித்துக் கதிரவனை வெறித்துக்கொண்டிருந்தனர். அச்சம் ஒருபுறம், அறியாத் துணிவு மறுபுறம். இரண்டும் கேடே.

அதே நாளில் கர்நாடக மாநிலம் கலபுரகிக்கு அருகில், ஊனம் நீங்கும் என்ற நம்பிக்கையில் குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தனர் என்னும் செய்தி நாளேடுகளில் வந்தது. அப்பெற்றோர் கொடியவர் அல்லர். தம் மக்கள்மீது பேரன்பு கொண்டவர். அவர்க்கு வானத்தை யாரும் காட்டவில்லை என்பதே அவர்தம் வறுமை. அன்று அவ்வூரில் ஒரு பந்தலும், ஒரு வெண்திரையும், அதில் கதிரவனின் உருவத்தை வீழ்த்தும் ஒரு சிறு தொலைநோக்கியும், பொறுமையாக விளக்கும் நான்கு மாணவரும் இருந்திருப்பின் அக்குழந்தைகள் மண்ணுக்குள் அன்றித் திரையின் முன் இருந்திருப்பர்.

மறைப்பைக் குறித்த அச்சத்துக்கு நம் சமுதாயத்தில் இடமே இருத்தலாகாது. நபி (ஸல்) அவர்களின் இளமகன் இப்ராஹீம் மறைந்த நாளில் கதிரவ மறைப்பு நிகழ, மக்கள் அவ்விரண்டையும் தொடர்புபடுத்திப் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கதிரவனும் நிலவும் மறைவதில்லை என்று அவர்கள் அப்போதே தெளிவுறுத்தித் தொழுகைக்கு அழைத்தார்கள். மகனை இழந்த துயரத்திலும் மக்களின் பிழையான எண்ணத்தைத் திருத்தினார்கள் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை நெகிழ்விப்பதாகும்.

செய்யும் முறை

நல்லெண்ணம் மட்டும் போதாது, முறை வேண்டும். நம் பட்டறிவில் கண்டவற்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது, நாள். முழுநிலவு நாளே ஏற்றது எனப் பலர் மயங்குவர். அன்று நிலவின்மீது ஒளி நேராக விழுவதால் நிழல் இராது. மேடு பள்ளம் தெரியாது. வளர்பிறையின் ஏழாம் எட்டாம் நாள்களே சிறந்தவை. ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில் கிண்ணக்குழிகள் தம் நிழலோடு எழுந்து நிற்கும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட பொழுதில் அந்நிலவு உயரத்தில் இருக்கும். சிறுவரும் முதியவரும் வருவதற்கும் ஏற்ற நேரம் அதுவே.

இரண்டாவது, கணக்கு. ஒருவர் ஒரு நிமிடம் பார்ப்பதாயின் ஒரு கருவியால் ஒரு மணி நேரத்தில் அறுபது பேர்க்கே காட்டலாம். ஐந்நூறு பேரை அழைத்துவிட்டு ஒரே கருவியை வைப்பது, ஒரு சட்டிச் சோற்றை வைத்துக்கொண்டு ஊருக்கே விருந்து சொல்வது போலாகும். ஆகவே பெரிய கூட்டத்தைவிடச் சிறிய கூட்டங்கள் பல நன்று. ஒரே நாளில் மைதானத்தில் மாநாடு கூட்டுவதினும், மாதம் ஒரு தெரு எனப் பத்துத் தெருக்களுக்குச் செல்வதே பயன் தரும்.

மூன்றாவது, உண்மை. விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த வண்ணப்படங்களைச் சுவரொட்டியில் அச்சிட்டு மக்களை அழைக்கிறோம். அவர்கள் வந்து கண்வைத்துப் பார்க்கும்போது சாம்பல் நிறப் புகைபோன்ற ஒன்றே தெரிகிறது. "இவ்வளவுதானா?" என்ற சொல் அங்கே பிறக்கிறது. அவ்வேமாற்றத்துக்கு நாமே காரணம். "நீங்கள் காணப்போவது சிறு மங்கல் ஒளியே, ஆனால் அவ்வொளி ஆந்திரமேடா அண்டத்திலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் பயணம் செய்து இன்றிரவு உங்கள் கண்ணில் விழுகிறது" என்று முன்னரே சொல்லிவிட்டால், அதே புகை வியப்பாகிவிடும்.

நான்காவது, காப்பு. பகலில் கதிரவனைக் காட்டும்போது தகுந்த வடிப்பானைத் தொலைநோக்கியின் முகப்பில் பொருத்த வேண்டும்; கண்வைக்கும் பக்கத்தில் பொருத்துவது பேராபத்து, வெப்பத்தால் அது வெடிக்கக்கூடும். எக்ஸ்ரே படச்சுருள், புகையேற்றிய கண்ணாடி, தண்ணீர்ப் பாத்திரம் ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். கருவியே இல்லாதவர்க்கும் வழியுண்டு. மறைப்பு நாளில் வேப்பமர நிழலைப் பாருங்கள். இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, தரையெங்கும் நூற்றுக்கணக்கான பிறைகளை வரைந்திருக்கும்.

ஐந்தாவது, பணிவு. வந்திருப்போர் அறியாதவர், நாம் அறிந்தவர் என்னும் தோரணை கூடாது. கடற்கரை ஊர்களில் முதிய மீனவர் ஒருவரிடம் விடிவெள்ளியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நம் பாடநூலில் இல்லாத பல செய்திகளைச் சொல்வார். முதலில் கேட்டுவிட்டுப் பின்னர்ச் சொல்பவனே நல்ல வழிகாட்டி.

பெண்களுக்கு இரவு வானம் இல்லையா?

வான்நோக்கு நிகழ்ச்சிகளில் நாம் கண்ட பெருங்குறை ஒன்றுண்டு. வருவோரில் பத்தில் ஒன்பதின்மர் ஆண்கள். வகுப்பில் முதன்மை பெறும் மாணவியர் மாலை ஐந்து மணிப் பேருந்தில் வீட்டுக்குச் சென்றுவிடுகின்றனர். இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சிக்குத் தம் மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரைப் பழித்துப் பயனில்லை. நிகழ்ச்சியை அமைப்பவரே மாற வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் மாணவர் சிலரோடு தொலைநோக்கியுடன் சென்றிருந்தோம். பொதுத்திடலில் ஆண்கள் மட்டுமே கூடினர். அப்போது மாணவர் ஒருவர், "ஐயா, எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குக் கருவியைக் கொண்டு போகலாமா? எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் அங்கே வருவார்கள்" என்றார். கொண்டு சென்றோம். அரைமணி நேரத்தில் மாடி நிறைந்துவிட்டது. சனிக்கோளை நோக்கிக் கருவியைத் திருப்பியிருந்தோம். எண்பது வயதை நெருங்கிய மூதாட்டி ஒருவரை அம்மாணவர் கைப்பிடித்து அழைத்து வந்து, "உம்மம்மா, இதில் கண் வையுங்கள்" என்றார். அவர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பின்னர் நிமிர்ந்து, "ஏன் வாப்பா, இம்புட்டு நாளும் இந்த வளையம் அங்கேயேதான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு எங்களுள் எவரும் உடனே விடை சொல்லவில்லை. வளையம் அங்கேயேதான் இருந்தது. அதனைக் காண முப்பது மடங்குப் பெருக்கமே போதும். அவர் பிறப்பதற்கு முன்பே அத்தகைய கருவிகள் நம் நாட்டில் இருந்தன. அவரிடம்தான் யாரும் கொண்டு செல்லவில்லை.

ஆகவே நாம் வேண்டுவது இது: மாணவியர் விடுதி மாடியிலும், பெண்கள் கூடும் இல்லங்களிலும், பெண்கள் கல்லூரி வளாகத்திலும் தனி நிகழ்ச்சிகள் நடத்தப்பெறுக. மாணவியரோடு அவர்தம் தாய்மாரையும் அழைக்க. வீடு திரும்ப ஊர்தி ஏற்பாடு செய்க. இரவு இயலாதாயின் பகலில் நடத்துக. வளர்பிறை நாள்களில் பிற்பகல் வானிலும் நிலவு தெரியும். கதிரவனின் கரும்புள்ளிகளைத் திரையில் வீழ்த்திக் காட்டலாம். சுப்ஹுக்குப் பின் விடிவெள்ளியைக் காட்டலாம். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் கதிரவனை ஆராய ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர், செங்கோட்டையில் பிறந்து அவ்வூர் அரசுப் பள்ளியில் பயின்ற நிகார் ஷாஜி என்னும் பெண்மணி. அவரைப் பாராட்டிக் கைதட்டிய நாம், நம் வீட்டுப் பெண்மக்கள் கதிரவனையும் விண்மீனையும் காண ஒரு வழியேனும் செய்தோமா?

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை?

தமிழ்த்துறையின் மலரில் தொலைநோக்கிக்கு என்ன இடம் என்று யாரேனும் வினவலாம். பெரிதும் உண்டு. நாள்மீன், கோள்மீன் என்று விண்மீனையும் கோளையும் பிரித்தறிந்து பெயரிட்ட மொழி நம்முடையது. கணியன் என்னும் சொல்லைப் புலவரின் பெயரோடு சேர்த்து வழங்கிய மொழி. எனினும் வான்நோக்கு நிகழ்ச்சிகளில் விளக்கம் தரும் மாணவர் ஆங்கிலச் சொற்களாலேயே தொடுக்கிறார். கேட்பவர் தலையசைத்துவிட்டுச் செல்கிறார். இயற்பியல் மாணவர் கருவியை இயக்கட்டும். தமிழ் மாணவர் அருகில் நின்று மக்களின் மொழியில் எடுத்துரைக்கட்டும். துளிர் போன்ற இதழ்கள் சிறுவர்க்குத் தமிழில் அறிவியலைக் கொண்டு சென்ற முறை நமக்குப் பாடமாகும்.

அரபுத்துறைக்கும் இதில் பங்குண்டு. ஒரு சான்று காட்டுவோம். நாம் ரோகிணி என்று சொல்லும் செந்நிற விண்மீனை உலகம் அல்டெபரான் என்கிறது. அஃது 'பின்தொடர்வது' எனப் பொருள்படும் அரபுச் சொல். கார்த்திகைக் கூட்டத்துக்குப் பின்னே அது எழுவதால் அப்பெயர். திருவோணத்துக்கு உரிய அல்டைர், 'பறப்பது' எனப் பொருள்படும். ரைஜல் என்பது கால்; டெனப் என்பது வால்; ஃபோமல்ஹாட் என்பது மீனின் வாய். நம் மணவிழாக்களில் மணமகளுக்குக் காட்டப்பெறும் அருந்ததியை அரபியர் சுஹா என்றழைத்து, கண்ணின் கூர்மையைச் சோதிக்கப் பயன்படுத்தினர். ஒரே விண்மீன், இரு பண்பாட்டினர் இரு பொருள் கண்டனர். இதனைக் கேட்கும் ஊரார் அனைவரும், எச்சமயத்தவராயினும், ஒரே வானத்தின்கீழ் நெருங்கி நிற்பர்.

அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964ஆம் ஆண்டளவில் எழுதிய நிலைமீன்கள் பற்றிய நூலில், நாம் மேலே சொன்ன ஆந்திரமேடாவைச் சிறு மேகம் எனக் குறித்துள்ளார். சமர்கந்தில் உலூக் பேக் 1437இல் முடித்த பட்டியலில் 1018 விண்மீன்கள் இடம்பெற்றன. இப்பெருமைகளை நாம் மேடைதோறும் பேசுகிறோம். பேசியபின் அண்ணாந்து பார்க்கிறோமா? முன்னோர் கண்டதைக் காணாமல் முன்னோரைப் புகழ்வது, அவர் விட்டுச்சென்ற வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு வாசற்படியில் நின்று பெருமை பேசுவதற்கு ஒப்பாகும்.

செலவில்லாத செய்முறை ஒன்றும் உண்டு. அரபுக் கடலோடிகள் கமால் என்னும் சிறு பலகையையும் அதன் நடுவில் கோத்த முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு வடமுனை விண்மீனின் உயரத்தை அளந்தனர். சோழமண்டலக் கரையிலும் இராப்பலகை என்ற பெயரில் அது வழங்கிற்று. வடமுனை விண்மீன் தொடுவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்வூரின் அகலாங்கு. சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. அட்டையும் நூலும் போதும். வகுப்பிலுள்ள ஒவ்வொரு மாணவரும் இதனைத் தாமே செய்து, கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் கலம் செலுத்தியவர் வழி கண்ட முறையைத் தாமே உணரலாம்.

பிறை காணும் மாலைகள் மற்றொரு நல்வாய்ப்பு. பிறை பற்றிய முடிவு உலமாப் பெருமக்களுக்கும் ஜமாஅத்துக்கும் உரியது. மன்றங்கள் அதில் தலையிடல் வேண்டா. ஆனால் பிறை உறுதியான மறுநாள் மாலை, அதே மெல்லிய ஒளிக்கீற்றைத் தொலைநோக்கியில் காட்டி, அது ஏன் மேற்கில் தோன்றுகிறது, ஏன் விரைவில் மறைகிறது என்பதை விளக்கலாம். ஊரே வானத்தை நோக்கும் பொழுது அது. அதனினும் பெரிய கூட்டத்தை எந்த மன்றத்தால் கூட்ட இயலும்?

சில தடைமொழிகள்

"இதனால் வேலை கிடைக்குமா?" என்பர் பெற்றோர் சிலர். நேரடியாகக் கிடைக்காது என்பதே நேர்மையான விடை. ஆனால் நாற்பது பேர் முன் நின்று கடினமான ஒன்றை எளிய தமிழில் விளக்கவும், "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று வெட்கமின்றிச் சொல்லவும் பழகிய மாணவர் எவ்வேலையிலும் பின்தங்கார்.

"தொலைக்காட்சியிலேயே எல்லாம் காட்டுகிறார்களே" என்பர் வேறு சிலர். 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நாமும் திரையில் கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் திரையிற் காண்பது பிறர் கண்ட காட்சி; தொலைநோக்கியிற் காண்பது தாமே கண்ட காட்சி. விருந்தின் படத்தைப் பார்த்தவன் உண்டவனாகான்.

"கருவி கெட்டுவிடுமே" என்பது நிருவாகத்தாரின் கவலை. கெடலாம். பயன்பட்டுக் கெடும் கருவியைப் பழுதுபார்க்கலாம்; பூட்டிவைத்துப் பூஞ்சை படிந்த ஆடியால் யாருக்கு என்ன நன்மை? ஆய்வக உதவியாளரின் தலையில் அப்பொறுப்பைச் சுமத்தாமல், கருவியை வெளியே கொண்டு செல்ல எழுத்துப்பூர்வமான இசைவை நிருவாகமே வழங்குதல் வேண்டும்.

இறுதியாக ஒளி. நம் கட்டடங்களின் உச்சியில் விடிய விடிய எரியும் அலங்கார விளக்குகள் விண்மீன்களை விழுங்குகின்றன. இருளுக்குக் கண் பழகவே இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். மாதத்தில் ஓரிரவு, இரண்டு மணி நேரம், அவ்விளக்குகளை அணைக்க ஊர்ப்பெரியவர்கள் மனம் வைத்தால் அதுவே பெருங்கொடையாகும். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஒரு நாள் குறித்து வைப்போம்

2031 மே 21ஆம் நாள் நண்பகலையொட்டி மீண்டும் ஒரு வளைய மறைப்பு தென்தமிழகத்தைக் கடக்க இருக்கிறது. மதுரை, தேனி, இளையான்குடி, காரைக்குடிப் பகுதிகள் அதன் பாதையில் உள்ளன. அது கோடை விடுமுறைக் காலம், கல்லூரிகள் மூடியிருக்கும், மாணவர் அவரவர் ஊர்களில் இருப்பர். இதனைத் தடை என எண்ணாமல் வாய்ப்பாகக் கொள்ளலாம். ஒவ்வொரு மாணவரும் தம் தெருவுக்கு ஆசிரியராகலாம். அதற்கான பயிற்சியை அவ்வாண்டு மே மாதத்தில் தொடங்க இயலாது. இப்போதே, இம்மாதத்து வளர்பிறையின் ஏழாம் நாளிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மாணவர்களே, அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அதனைக் கொடுக்க மறுக்காதீர்கள். சமுதாயப் பெரியவர்களே, உங்கள் தெருவில் ஒரு மாடியை, உங்கள் திடலில் ஒரு மூலையை, உங்கள் மாதத்தில் ஒரு மாலையை அளியுங்கள்.

இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்ததா என்று இனியொரு மூதாட்டி நம்மைக் கேட்கும் நிலை வாராதிருக்கட்டும்.